அந்த ஜாகாவுக்கு ஒரு பெயர் வையுங்கள்

கோலாலம்பூரில் மலாய்த் தொடர்களும் படங்களும் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும், அவற்றுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் இல்லையென்றால், நான் சொல்ல வந்ததில் பாதி அதிலேயே இருக்கிறது.

நான் செந்தூல்காரன். வார நாள்களில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். சனி ஞாயிறில் உங்கள் தொடர்களில் முகம் காட்டுகிறேன். 11 வருடம் ஆகிறது.

போன சனிக்கிழமை அம்பாங்கில் படப்பிடிப்பு. அன்றைய நடிகர் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். டத்தினுக்கு, அதாவது டத்தோ பட்டக்காரரின் மனைவிக்கு, பெயர் இருந்தது, மருமகளுக்கு இருந்தது, வீட்டுப் பூனைக்குக்கூட தொம்போக் என்று பெயர். எனக்கு 'லெலாகி இந்தியா 2', அதாவது இந்திய ஆள் 2. ஒன்று யார் என்று விசாரித்தேன். ரொட்டி சானாய் போடுகிறவராம், இன்னும் வரவில்லையாம்.

எனக்கு ஜாகா வேடம், அதாவது காவலாளி. ஒரே வசனம். காவல் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து "செலாமட் பாகி, டத்தின்" என்று காலை வணக்கம் சொல்லித் தடுப்புக் கம்பத்தைத் தூக்க வேண்டும். சொன்னேன். "பாங், இன்னும் கொஞ்சம் இந்தியன் மாதிரி" என்றார் உதவி இயக்குநர். எஸ்பிஎம் என்கிற பள்ளி இறுதித் தேர்வில் மலாய் மொழிக்கு ஏ வாங்கியவன் நான். பிறந்ததிலிருந்து இந்தியனாகத்தான் இருக்கிறேன். இதற்கு மேல் எப்படி ஆவது? ஆறு தடவை சொல்லிப் பார்த்தேன். ஏழாவது தடவை தலையை ஆட்டி, நாக்கை உருட்டி, இழுத்துச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஓகே ஆகிவிட்டது. கையில் 150 வெள்ளி சம்பளம்.

அன்று என் மகளும் கூட வந்திருந்தாள். படிவம் இரண்டு படிக்கிறாள், மலாய்ப் பேச்சுப் போட்டிகளுக்குப் போகிறவள். ஜாலான் துன் ரசாக் நெரிசலில் வேன் நிற்கும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம் கேட்டாள்: "அப்பா, அந்த ஜாகா பேரு என்னா?"

தயவுசெய்து அவனுக்கு ஒரு பெயர் வையுங்கள்.

ஜாகா வேடம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்தை விட்டு வந்த என் தாத்தா இந்த ஊரில் ஜாகா வேலைதான் பார்த்தார். அவருக்குப் பெயர் இருந்தது, மூட்டு வலி இருந்தது, நாலு நம்பர் லாட்டரிப் பைத்தியம் இருந்தது. இந்த 11 வருடத்தில் எனக்கு ஒரே ஒரு தடவை பெயர் கிடைத்தது, பிணமாக நடித்தபோது. இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையை வாசிக்க வேண்டுமே! 'முத்துசாமி அனாக் லெலாகி முத்துசாமி' என்று வாசித்தார். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். யாருக்கும் உறுத்தவில்லை, நான் செத்துக் கிடந்ததால் சொல்லவும் முடியவில்லை.

சென்னையிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையின் 272 படிகளையும் எடுத்துக்கொண்டு, எங்கள் கையில் பாராங் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சரி, அது வேறு மடல்.

கேட்டால் மாறும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படத்தை முதலில் மலாய் அல்லாத படங்களுக்கான பிரிவில் ஒதுக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பிரிவுகளை மாற்றினார்கள். அதே படம் சிறந்த மலேசியத் திரைப்படம் ஆனது. நான் விருதா கேட்கிறேன்? அடையாள அட்டையில் ஒரு வரி நிரப்பும் அளவுக்கு ஒரு பெயர் கேட்கிறேன்.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். வருகிற சனிக்கிழமை அதே ஜாகாவுக்கு இன்னும் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. அதற்குள் பெயர் எதுவும் தோன்றாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், நாலைந்து எழுதிக் கொண்டுவருகிறேன். முத்துவும் சாமியும் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
லெலாகி இந்தியா 2
செந்தூல்