"எந்த மாற்றமும் இன்றிப் பொருந்தும்" என்று விற்ற ஹெடர்: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: 1967 மஸ்டாங் உரிமையாளர் (ரசீதும் படங்களும் இணைப்பில்)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: நீளக் குழாய் எக்ஸாஸ்ட் ஹெடர் பொருந்தாமை

ஐயா,

என் 1967 ஃபோர்டு மஸ்டாங்கின் எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்ற உங்களிடம் வாங்கிய ஹெடர் குழாய் ஜோடியில் வலப்பக்கத்தது ஒழுங்காக உட்கார்ந்தது. இடப்பக்கத்தது பொருந்தவில்லை. ஸ்டியரிங் பெட்டி, கிளட்ச் இணைப்பு, பவர் ஸ்டியரிங் சிலிண்டர் எல்லாமே இந்தக் காரில் இடப்பக்கம்தான் இருக்கின்றன. ஹெடர் செய்து விற்கும் உங்களுக்கு இதை நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆர்டர் படிவத்தில் நீங்கள் கேட்ட எதையும் நான் விடவில்லை. இரண்டு கதவு ஹார்ட்டாப்; அடையாள எண்ணின் ஐந்தாம் இடத்தில் 'சி', அதாவது இரண்டு பேரல் கார்புரேட்டருடன் கூடிய 289 கன அங்குல வி8; நான்கு கியர் மேனுவல்; பவர் ஸ்டியரிங். இத்தனையையும் நிரப்பிய பிறகே "எந்த மாற்றமும் இன்றிப் பொருந்தும்" என்று உங்கள் தளம் பச்சை எழுத்தில் உறுதி சொன்னது. அந்தத் திரைப்பதிவை இணைத்திருக்கிறேன்.

கிளட்ச் மிதியை அழுத்தினால், மிதியின் அசைவைக் கிளட்சுக்குக் கடத்தும் இசட் வடிவக் குறுக்குத் தண்டு சுழன்று ஏழாம் சிலிண்டரின் குழாயில் இடிக்கிறது. மிதி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் பவர் ஸ்டியரிங் ஹோஸ், நான்கு குழாய்களும் கூடும் இடத்தில் உரசுகிறது. எண்ணெய் ஓடும் ரப்பர் ஹோஸ் கொதிக்கும் இரும்பில் உரசினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங் பெட்டிக்கும் குழாய்க்கும் நடுவே ஹேக்சா பிளேடு ஒன்றை நுழைத்துப் பார்த்தேன், பாதியில் சிக்கிக்கொண்டது. அதுவும் படத்தில் இருக்கிறது. கார் நிற்கும்போதே இந்த நிலை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தன்னைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டின் மேல் முறுக்கிக்கொண்டு இடப்பக்கம் எழும்பும். அதற்கு இடம் எங்கே?

எஞ்சின் மவுண்ட் அமுங்கியிருக்குமோ என்று உங்கள் ஊழியர் முதலில் கேட்டார். நியாயமான கேள்விதான், இவ்வளவு பழைய காரில் ரப்பர் நைந்து எஞ்சின் ஒரு பக்கம் தாழ்ந்துபோவது வழக்கம். ஆனால் இரண்டு மவுண்ட்டும் புதியவை. ரசீதைக் காட்டியதும் பேச்சு மாறியது. "குழாயைச் சுத்தியலால் தட்டிக் கொஞ்சம் நெளித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். உங்கள் உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தைப் படித்தீர்களா? தட்டி நெளித்த, வெட்டிய, வெல்டு வைத்த குழாய்களுக்கு உத்தரவாதம் கிடையாது என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். செராமிக் பூச்சுக்கென்று தனியாகப் பணம் வாங்கியதும் நீங்கள்தான். சுத்தியல் பட்ட இடத்தில் அந்தப் பூச்சு தங்குமா?

அடுத்த யோசனை, தண்டை விட்டு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்காகக் கிளட்சையே மாற்றிவிடுவது. அதற்கு ஆகும் செலவு ஹெடரின் விலையைத் தாண்டுகிறது. செருப்புக்காகக் காலைத் தறிக்கச் சொல்கிறீர்கள்.

இந்தக் காரில் இடநெருக்கடி இருப்பது எனக்கும் தெரியும். 1967இல் 390 கன அங்குல எஞ்சினை நுழைப்பதற்காக ஃபோர்டு எஞ்சின் அறையை அகலப்படுத்தியது. அப்படியும் இரு பக்கமும் முன் சக்கர ஷாக் அப்சார்பர்களைத் தாங்கும் ஷாக் டவர்கள் நெருக்கிக்கொண்டுதான் நிற்கின்றன. அதனால்தான் நான்கு குழாய்களை இரண்டாக்கிப் பிறகு ஒன்றாக்கும் ட்ரை-ஒய் ஹெடரைப் பலர் விரும்புகிறார்கள். நீளக் குழாய்தான் வேண்டும் என்பவர்கள் பவர் ஸ்டியரிங் சிலிண்டரைக் கீழே இறக்கும் பிராக்கெட்டைப் போடுகிறார்கள். அந்த பிராக்கெட்டை நீங்களும் விற்கிறீர்கள். அதன் விளம்பரத்தில் "நீளக் குழாய் ஹெடர் போடும் பவர் ஸ்டியரிங் கார்களுக்கு அவசியம்" என்றே எழுதியிருக்கிறீர்கள். ஹெடரின் விளம்பரத்தில் மட்டும் அந்த வரியைக் காணவில்லை. தெரியாமல் நேர்ந்தது என்று இதை எப்படி எடுத்துக்கொள்வது? அந்த பிராக்கெட்டைப் போட்டாலும் கிளட்ச் தண்டு இடிப்பது தீரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

ஹெடரின் முழு விலை, செராமிக் பூச்சுக்கான தொகை, போக வர அனுப்பும் செலவு, வீணான கேஸ்கெட்டுகளின் விலை ஆகிய அனைத்தையும் திருப்பித் தர வேண்டும். "பொருத்திப் பார்த்த பொருள்" என்று சொல்லி விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதாக உங்கள் ஊழியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பொருத்திப் பார்க்காமல் பொருந்தாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவர் பொருளைப் பற்றித் தரும் வர்ணனையே உத்தரவாதம் ஆகும் என்பது அமெரிக்க வணிகச் சட்டம். உங்கள் பச்சை எழுத்துக்கும் அது பொருந்தும். பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டோ வேறு பொருளோ வேண்டாம். மேனுவல் கியரும் பவர் ஸ்டியரிங்கும் உள்ள கார்களுக்கு இந்த ஹெடர் பொருந்தும் என்ற வரியையும் தளத்திலிருந்து நீக்குங்கள்.

ஹெடரைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்புவதற்கான லேபிள் 15 நாட்களுக்குள் வராவிட்டால், இதே படங்களுடன் கிரெடிட் கார்டு வங்கியில் முறையிட்டுக் கட்டணத்தை மறுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்