வீட்டுக் கணினியில் ஆங்கிலப் பயிற்சி: ஒலி, திரைக் கோளாறுகளைச் சரிசெய்வது குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வீட்டில் ஆங்கிலக் கேட்டல், பேசுதல் பயிற்சி செய்யும் நம் பிள்ளைகளில் பலர், அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த பழைய மடிக்கணினியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2011இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வந்த கணினியாக இருந்தாலும் இந்தப் பயிற்சிக்குப் போதும். ஆனால் ஒலி சரியாக வராத கணினியில், மீன் துடுப்பைக் குறிக்கும் ‘ஃபின்’ என்ற சொல்லும் மெல்லிய என்று பொருள்படும் ‘தின்’ என்ற சொல்லும் பிள்ளையின் காதில் ஒன்றாகவே விழும். பிள்ளை சரியாகச் சொன்னாலும் மென்பொருள் தவறு என்று குறி போடும். ஆகவே, கவனமில்லை என்று பிள்ளையைக் கண்டிக்கும் முன் கணினியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஹெட்போன். ப்ளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பழைய கணினிகளில் சுமார் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி வெட்டுப்பட்டுப் போகும். எஸ், எஃப் ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஒயர் உள்ள சாதாரண ஹெட்செட்டே நல்லது.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். செல்போன் ஹெட்செட்டின் ஒயர் முனையில் உள்ள, துளையில் செருகும் பின்னில் மூன்று வளையங்கள் இருக்கும். ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டு துளைகள் உள்ள கணினியில் அதைச் செருகினால் மைக் வேலை செய்யாது. சில கணினிகளில் பின்னணி இசை மட்டும் கேட்கும். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பின்னின் தரை இணைப்பு துளைக்குள் சரியாகப் பொருந்தாததே காரணம். இரண்டு காதுக்கும் பொதுவாக வரும் ஒலி அப்போது ஒன்றையொன்று அழித்துவிடும். பாடத்தில் பேசுபவரின் குரல் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. பின்னைச் சற்றே வெளியே இழுத்துப் பார்த்தால் குரல் திரும்ப வரும். ஹெட்போன், மைக் என இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் கேபிள் வாங்கிப் போட்டால் நிரந்தரமாகச் சரியாகும்.

பிள்ளை பேசத் தொடங்கியதும் பாடத்தின் ஒலி திடீரென்று குறைகிறதா? ஏதோ பழுது என்று எண்ண வேண்டாம். மைக் திறந்ததும் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டதாகக் கருதி, விண்டோஸ் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைத்துவிடும். கண்ட்ரோல் பேனலில் ‘சவுண்ட்’ பகுதியைத் திறந்து, கடைசியில் உள்ள ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்பதில் ‘டூ நத்திங்’ என்று மாற்றிவிடுங்கள்.

அதே இடத்தில் ‘ரெக்கார்டிங்’ என்பதில் மைக்கைத் தேர்ந்தெடுத்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ வழியாக ‘லெவல்ஸ்’ செல்லுங்கள். ‘மைக்ரோஃபோன் பூஸ்ட்’ 10 டெசிபலில் இருக்கட்டும். 30 வரை ஏற்றினால் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து இரையும். குரலும் உடைந்து பதிவாகும். ‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்ற பகுதி இருந்தால் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்; மெல்லிய எஃப் ஒலியையும் அது இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. மைக் வாய்க்கு நேராக இல்லாமல், இரண்டு விரல் தள்ளி ஓரமாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10 என்றால் ‘ப்ரைவசி’ அமைப்பில் மைக்ரோஃபோனுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒலியே வரவில்லை என்றால், விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள மியூட் விசை அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கணினியின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியைத் திறந்து பாருங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி தெரிந்தால் டிரைவரில், அதாவது அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளில், கோளாறு. கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம்.

திரைக் கோளாறுகள் இவ்வளவு தொல்லை தருவதில்லை. ‘நெக்ஸ்ட்’ பொத்தான் திரைக்குக் கீழே மறைந்தால் எழுத்து அளவு 125 சதவீதத்தில் இருக்கும், 100க்குக் குறையுங்கள். பழைய சிடியில் வந்த மென்பொருளில் நிறங்கள் சிதறினால், அதன் ஐகானை வலது சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கம்பேட்டிபிலிட்டி’ சென்று 256 நிறம், 640க்கு 480 என்ற இரண்டையும் டிக் செய்யுங்கள். தமிழ் விளக்கம் மட்டும் புரியாத குறிகளாக வந்தால், அந்த மென்பொருள், எல்லாக் கணினிக்கும் பொதுவான இன்றைய எழுத்துமுறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்யப்பட்டது. வேறு எழுத்துரு எதைப் போட்டாலும் பயனில்லை. சிடியிலேயே உள்ள எழுத்துருவை நிறுவினால்தான் தெரியும்.

பிரௌசரில் அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளைக் கேட்கும் பயிற்சிகளில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதன் ஆதரவு 2020 இறுதியோடு முடிந்துவிட்டது. இன்றைய பிரௌசர்களில் ஓடாது. இணையப் பயிற்சிகள் எதுவுமே திறக்காமல் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்கே திரும்பினால், உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். அதைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகாவிட்டால், கணினியைப் பள்ளி நேரத்தில் கணினி ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தப் பாடத்தில், என்ன செய்யும்போது கோளாறு வருகிறது என்று ஒரு தாளில் எழுதி, சார்ஜரையும் பிள்ளை பயன்படுத்தும் அதே ஹெட்செட்டையும் சேர்த்து எடுத்துவரவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்