மினி டிராக்டர் வாங்கப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா ஊன்றுகோல் இல்லாமல் வாசல் வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்றே மாதத்தில் இவ்வளவு தேறியது பெரிய ஆறுதல். இங்கே மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் டிராக்டரை எடுத்தால் மத்தியானம் வரை மனது அதிலேயே இருக்கும்.

நீ மினி டிராக்டர் வாங்கப் போவதாகவும், தோப்பில் இனி உழவு ஓட்டாமல் புல்லை வெட்டி விடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். எத்தனை எச்.பி. வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். ஆறு வருடமாக ஒன்றை ஓட்டுகிறேன், எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

எங்கள் இடம் ராலே நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம். நாலு ஏக்கர். அமெரிக்காவில் வட கரோலினாவின் இந்தப் பக்கம் முழுக்கச் செம்மண் களி. மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும், காய்ந்தால் செங்கல். ஒன்றரை ஏக்கர் மரங்கள், மீதி எல்லாம் புல். வண்டி 24 எச்.பி., மூன்று சிலிண்டர் டீசல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, வண்டியின் வயிற்றுக்கு அடியில், 60 அங்குல அகலத்தில் புல் வெட்டும் டெக் தொங்குகிறது. கவிழ்த்துவைத்த பெரிய தாம்பாளம் என்று வைத்துக்கொள். உள்ளே மூன்று பிளேடு. என்ஜின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கிற பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று. டெக்குக்கென்று நடுவில் இன்னொரு ஷாஃப்ட் உண்டு, அது 2,000க்கும் மேல் சுற்றும். கிளட்ச் மிதித்து கியர் மாற்றுகிற வேலை இல்லை. ஹைட்ரோஸ்டாடிக், காலடியில் இரண்டு பெடல், ஒன்று முன்னே போக, ஒன்று பின்னே வர. மரத்துக்கு மரம் முன்னும் பின்னும் நகர்கிற வேலைக்கு இது தரும் சுகமே தனி. இந்த வசதியோடு உனக்குக் கிடைத்தால், இரண்டு எச்.பி. குறைந்தாலும் அதையே எடு.

எச்.பி. விஷயத்தில் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 19 கிலோவாட், அதாவது சுமார் 25 எச்.பி.யைத் தாண்டினால் டீசல் என்ஜினுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிடும். பெரும்பாலும் புகைக்குழாயில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும் கூடவே வந்துவிடும். அதனால்தான் இங்கே கடைக்குக் கடை 24, 25 எச்.பி. வண்டிகளாக நிற்கின்றன. புல் வெட்ட அந்தச் சக்தி தாராளம்.

வெட்டு நன்றாக விழுவது பிளேடைப் பொறுத்தது. முதல் வருடம் எனக்கு இது தெரியவில்லை. வெட்டிய மறுநாள் பார்த்தால் புல்வெளி முழுக்க ஒரு வெளுப்பு. குனிந்து ஒரு புல்லைக் கிள்ளிப் பார்த்தேன். நுனி வெட்டுப்படவில்லை, நார் நாராகக் கிழிந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மழுங்கிய பிளேடு புல்லை அடித்துக் கிழிக்கிறது. அன்றிலிருந்து 25 மணி நேரம் ஓடினால் மூன்றையும் கழற்றிச் சாணை பிடிக்கிறேன். சாணை பிடித்த பிறகு சுவரில் ஓர் ஆணி அடித்து, பிளேடின் நடு ஓட்டையை அதில் மாட்டிப் பார்க்க வேண்டும். தராசு முள் போல இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அரத்தால் இழைக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் அதிர்விலேயே பேரிங் போய்விடும்.

இங்குள்ள ஃபெஸ்க்யூ புல்லை மூன்றரை அங்குலத்துக்குக் கீழே நான் இறக்குவதில்லை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டினால் வேர் வாடும். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து நாளுக்கு ஒரு முறை இறங்க வேண்டியிருக்கிறது. பனி காய்வதற்கு முன்னால் இறங்கினால் புல் கட்டி கட்டியாக விழும், டெக்கின் அடியில் அப்பிக்கொள்ளும்.

போன வருடம் ஒரு பெரிய செலவு வந்தது. வேலி ஓரம் பழைய ஓக் மரத்தின் அடிக்கட்டை ஒன்று புல்லுக்குள் மறைந்திருந்தது. கால் வைத்துப் பார்க்காமல் ஏறிவிட்டேன். 'டங்' என்று ஒரே சத்தம், அதன்பிறகு வண்டியே நடுங்கியது. நடு பிளேடைச் சுமக்கிற ஸ்பிண்டில் வளைந்துவிட்டது. வண்டி விற்ற கடையில் அந்தப் பாகம் வர ஆறு வாரம் இழுத்தடித்தார்கள். அதற்குள் புல் முழங்கால் உயரம். உன் தோப்பில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிற பழைய தென்னைக் கட்டைகளை முதலில் எடுத்துவிடு. கருங்கல் இருக்கிற இடத்தில் எல்லாம் குச்சி நட்டு வை.

இன்னொன்றை எழுத யோசித்தேன், ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குளத்துக் கரைச் சரிவில் ஒருநாள் குறுக்காக ஓட்டினேன். மேல்பக்கத்துச் சக்கரம் ஒரு மேட்டில் ஏறிற்று, கீழ்ப்பக்கம் எலி வளை ஒன்றில் இறங்கிற்று. சீட் என்னைத் தள்ளுவதுபோல இருந்தது. கை தானாகச் சரிவின் கீழ்ப்பக்கமாக ஸ்டீயரிங்கைத் திருப்பியதால் தப்பித்தேன். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற இரும்புச் சட்டம், அந்த ரோல் பாரை, மரக்கிளை இடிக்கிறது என்று மடக்கி வேறு வைத்திருந்தேன். அன்று இரவு தூங்கவில்லை. இப்போது ரோல் பார் எப்போதும் நிமிர்ந்தே நிற்கிறது, சீட் பெல்ட் போடாமல் சாவியைத் தொடுவதில்லை. அந்தச் சரிவைக் கையால் வெட்டுகிறேன். மகள் எத்தனை முறை கெஞ்சியும் கூட உட்காரவைத்து ஓட்டியதில்லை. அது ஒன்றில் நான் சரியாக இருந்தேன்.

மே மாதத்தில் வேறொரு கவலை. இங்குள்ள மான்கள் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போய்விடும். குட்டி ஓடாது. சத்தம் கேட்டால் இன்னும் அழுந்திப் படுத்துக்கொள்ளும். இந்த வருடம் முன் சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி ஒன்று கிடந்தது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு, கண் மட்டும் விரியத் திறந்து என்னையே பார்த்தது. வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த மூலையை இரண்டு வாரம் தொடவில்லை. உயரமான புல்லில் இறங்குவதற்கு முன்னால் இப்போது முழுக்க ஒரு நடை நடந்து பார்க்கிறேன். நீயும் அப்படிச் செய். உன் பக்கம் மயில் முட்டை இருக்கும், கீரி இருக்கும்.

சரி, உன் தோப்புக்கு வருகிறேன். உழாமல் வெட்டி விடுவது நல்ல யோசனை, தயங்காதே. தென்னையின் வேர் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் இருக்கிறது. மண்ணைக் கிளறி உழுகிற ரோட்டவேட்டரை அங்கே விட்டால் மேல் வேரெல்லாம் அறுந்துபோகும். வெட்டிய புல்லை அங்கேயே மூடாக்காகக் கிடக்க விட்டால் ஈரமும் நிற்கும். மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி இருக்கிறது என்கிறாய், அதில் சின்ன வண்டி நன்றாகத் திரும்பும். நீ பார்த்து வைத்திருக்கும் ஸ்லாஷர் என்ற புல்வெட்டி பின்னால் மாட்டுவது. என் டெக் போல நைசாக வெட்டாது, ஆனால் மட்டைத்துண்டு, பாளை எல்லாம் தாங்கும். வாங்கும்போது கல், ஓடு வெளியே பறக்காமல் சுற்றிலும் சங்கிலித் தடுப்பு இருக்கிறதா என்று பார். பிளேடு நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்று இங்கே புல்வெட்டிகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். அதில் பாதி வேகத்தில் ஒரு சில்லு ஓடு பறந்தாலும் என்ன ஆகும், யோசித்துப் பார். வெட்டும்போது தேங்காய் பொறுக்குகிற ஆட்கள் யாரும் தோப்பில் இருக்கக் கூடாது.

அப்புறம், வேட்டியும் துண்டும். 540 சுற்று என்றால் ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் முனை அந்த ஷாஃப்ட்டில் சிக்கினால் கையை எடுக்க நேரமே இருக்காது. ஷாஃப்ட்டின் மேலே வரும் பிளாஸ்டிக் உறையை 'இடைஞ்சல்' என்று கழற்றிப் போடுவார்கள். நீ அதற்கு விடாதே. வண்டி ஓட்டுகிற பையனுக்கு இரண்டு பேண்ட் வாங்கிக் கொடு. என்ஜினை அணைத்து, சுற்று நின்ற பிறகுதான் யாரும் இறங்கிக் கிட்டே போக வேண்டும்.

உன் தோப்பின் தெற்கு மூலை வாய்க்காலை நோக்கிச் சரிவதாக ஞாபகம். நாம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போவோமே, அந்த இடம். அங்கே எவ்வளவு சரிவு என்று அளந்து எழுது. வண்டி வந்தாலும் நான் வந்து பார்க்கும் வரை அந்த மூலைக்கு விடாதே. தைக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. அம்மாவிடம் சொல்.

என்றும் உன்
மச்சான்