கடவுளுக்கு எந்தச் சொல் என்று கேட்ட மகளுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

அந்த மலை மக்களின் மொழியில் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உட்கார்ந்து எட்டு மாதமாகிறது, கடவுளுக்கு எந்தச் சொல், முன்னோர் கும்பிட்ட பெயரா, புதிதாகச் செய்த சொல்லா என்பதிலேயே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே அந்தச் சொல் வந்துவிடுகிறது, தாண்டிப் போகவும் முடியாது. முன்னோர் கும்பிட்ட பெயரை வைத்தால் பழைய வழிபாடும் கூடவே ஒட்டிக்கொண்டு வருமே என்று உன் மொழிபெயர்ப்புக் குழுத் தலைவர் பயப்படுகிறார். அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிடாதே. ஆனால் நம் வேதாகமத்தின் கதையையும் ஒரு தடவை நினைத்துப் பார்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, பள்ளிக்கூடத்துச் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. கடவுளுக்கு அவர் வைத்த சொல் சருவேசுரன். பிறகு வந்து வேதாகமத்தை மறுபடி மொழிபெயர்த்த மிஷனரி பப்ரிசியஸ் பராபரன் என்றார். 1871-ன் பதிப்பு தேவன் என்றது. 1995-ல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கடவுள் என்று எழுதியது. இதில் ஒன்றாவது நமக்கென்று புதிதாகச் செய்த சொல்லா? சருவேசுரனுக்குள் ஈசுவரன் இருக்கிறார். பராபரமே, பராபரமே என்று கண்ணிக்குக் கண்ணி உருகியவர் தாயுமானவர்.

உன் பாட்டியிடம் திருவிவிலியத்தைக் கொடுத்த நாள் எனக்கு மறக்காது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை வாசித்தாள், விரல் அங்கேயே நின்றுவிட்டது. "தேவன் எங்கேடி?" என்றாள். அப்படியே மூடி என் மடியில் வைத்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும்போது பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தாள். அதில் பராபரன் வந்தார். அவளுக்கு அது உறுத்தவே இல்லை! எனக்குச் சிரிப்பு வந்தது, சொல்லவில்லை.

சீனாவில் இந்தச் சண்டை இன்னும் தீரவே இல்லை. கடவுளுக்கு, மேலான அரசர் என்று பொருள்படும் ஷாங்தி என்று ஒரு பதிப்பு, தெய்வம் என்கிற பொதுச்சொல்லான ஷென் என்று ஒரு பதிப்பு. மற்றதெல்லாம் அதே வேதாகமம்தான். இரண்டையும் அச்சடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சபை ஒன்றும் இடிந்து விழவில்லை.

அதனால் அவசரப்படாதே. கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்லி முடிக்கிற காரியமும் இல்லை இது. பெரியவர்களை விட்டுவிட்டு, பெண்களிடம் போய்க் கொஞ்ச நாள் உட்கார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரியில் அவர்கள் வாயில் எந்தப் பெயர் வருகிறது என்று கேள். அப்புறம், அந்தப் பெயருக்குரியவர் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினாரா, இல்லை மலைக்கு மட்டும் காவலா என்று அவர்கள் கதைகளிலேயே விசாரி. உன் தலைவரின் பயத்துக்கும் பதில் அங்கேதான் கிடைக்கும். நீ கொண்டுபோன பதிலை முதலில் எடுத்து நீட்டாதே. அது உன் பழைய குணம், ஞாயிறு பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறார். அந்த இரண்டு சொற்களையும் அவர்கள் சொல்கிற மாதிரியே பதிவு செய்து போனில் அனுப்பு. என் வாயில் எது சுலபமாக வருகிறதென்று நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மா