சுவரில் ஆமை போதும், கடலின் சூட்டை வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூத்துக்குடியிலிருந்து தொண்டி வரை கடலோர ஊர்களில் சுவர் ஓவியங்களுக்குக் குறைவில்லை. ஆமை, டால்பின், கடற்பசு, கீழே ‘கடலைக் காப்போம்’ என்று ஒரு வரி. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்காக? வலையில் சிக்கிய ஆமையைக் கையால் எடுத்து விட்டவருக்கு ஆமைப் படத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது? பருவநிலை மாற்ற விழிப்புணர்வு என்று நிதி ஒதுக்கினால், மீனவரிடம் இல்லாத ஒன்றை அந்தச் சுவர் தர வேண்டும். தன் ஊர்க் கடல் எந்த வாரம் எத்தனை டிகிரி இருந்தது என்ற பதிவு அவரிடம் இல்லை. சூடு கூடுவது அவருக்குத் தெரியும். தேதி போட்டு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கடற்கரையில் 2019 இறுதியில் ஒரு பெண் சிலையை நிறுவினார்கள். செய்தவர் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர். டேவிஸ் பவளத்திட்டில் உள்ள நிலையம் அனுப்பும் நீர் வெப்ப அளவுக்கு ஏற்ப, சிலையின் விளக்குகள் நீலத்திலிருந்து சிவப்பு வரை நிறம் மாறும். நமக்குச் சிலையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். உப்புக் காற்றில் மின்பலகை எத்தனை நாள் தாங்கும் என்று தெருவிளக்கு பழுதுபார்ப்பவரைக் கேட்டாலே தெரியும். மீன் ஏலக்கூடத்தில் ஒரு சுவர், ஒன்பது நிறப் பெயின்ட், ஒரு தெர்மாமீட்டர் போதும்.

வாரத்துக்கு ஒரு கட்டம், அந்த வாரக் கடல் வெப்பத்துக்கு உரிய நிறத்தில். அகலம் 5 செ.மீ., உயரம் 12 செ.மீ. ஆண்டுக்கு 52 கட்டம் என்றால் 2.6 மீட்டர் நீளம். பாம்பன், மண்டபம் பக்கம் ஆண்டுக்கு இரண்டு வரிசை வேண்டும். தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கு ஒன்று, வடகடலான பாக் விரிகுடாவுக்கு ஒன்று. ஆண்கடல், பெண்கடல் என்று அலையை வைத்துத்தான் பிரிக்கிறோம், ஆனால் சூட்டிலும் அந்தப் பிரிவு உண்டு. வடகடல் ஆழம் குறைந்தது. வெயிலில் சீக்கிரம் சுடும், வாடையில் சீக்கிரம் ஆறும். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் வரும் எண் எந்தக் கடலுக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு ஆண்டு 3 செ.மீ. இடைவெளி விட்டால், 1.8 மீட்டர் உயரச் சுவரில் ஆறு ஆண்டுகள் அடங்கும்.

நிறங்களைச் சமமாகப் பிரிக்கக் கூடாது. 26 டிகிரிக்குக் கீழே ஒரு நிறம். 26 முதல் 30 வரை டிகிரிக்கு ஒன்றாக நான்கு. 30 முதல் 31.5 வரை அரை டிகிரிக்கு ஒன்றாக மூன்று. அதற்கு மேலே ஒன்று. காரணம், பவளத்தின் உயிர் ஊசலாடுவது அந்தக் கடைசி ஒன்றிரண்டு டிகிரியில்தான். ஆண்டின் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியை விட 1 டிகிரி கூடி, அது நான்கு வாரம் இறங்காமல் நின்றால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுக்கத் தொடங்கும். எட்டு வாரம் நீடித்தால் பல பவளங்கள் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடைகளில் இப்படிப் பெரிய அளவில் வெளுத்தது. ஒரு நாள் 32 டிகிரி எட்டி இறங்கினால் பெரிய கேடில்லை. அடர்நிறக் கட்டங்கள் எத்தனை அடுத்தடுத்து வருகின்றன என்பதே கணக்கு. அதைச் சுவரில் எண்ணிவிடலாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பச்சையையும் சிவப்பையும் ஒரே அளவுகோலில் வைக்காதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் சிலர் உண்டு. நீலத்தில் தொடங்கி, வெளிர்மஞ்சள் வழியாகச் செங்காவிக்கும் கரும்பழுப்புக்கும் போங்கள்.

இனி அளவெடுப்பது. இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கணுக்கால் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் மணலின் சூடுதான் கிடைக்கும். குறைந்தது 3 மீட்டர் ஆழமுள்ள இடம், ஓடைமுகமோ கழிவுநீர் வாய்க்காலோ அருகில் இல்லாத இடம் வேண்டும். கயிற்றில் கல் கட்டிய வாயகன்ற பிளாஸ்டிக் புட்டியை ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, ஒரு நிமிடம் அங்கேயே விட்டுவிட்டுத் தூக்க வேண்டும். வெயிலில் கிடந்த இரும்பு வாளி ஆகாது. தூக்கியதும் நிழலில் வைத்து ஒரு நிமிடத்துக்குள் அளவு பார்க்க வேண்டும், தெர்மாமீட்டரின் நுனி நீரில் இருக்கும்போதே. வெளியே எடுத்துப் பார்த்தால் காற்றில் உலர்ந்து எண் இறங்கிவிடும். நேரம் எப்போதும் காலை 6 முதல் 7. ஒரு வாரம் காலையிலும் மறுவாரம் மதியத்திலும் எடுத்தால், சுவரில் தெரிவது நம் சோம்பலின் வரைபடம். வாரத்தில் மூன்று நாள் எடுத்துச் சராசரி போடுங்கள்.

கருவி 0.1 டிகிரி காட்டும் நீர்புகா டிஜிட்டலாக இருக்கட்டும். பாதரசக் கண்ணாடி படகில் உடைந்தால் ஆபத்து. மாதம் ஒருமுறை, நொறுக்கிய ஐஸ் நிறைத்த டம்ளரில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றி, கலக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். 0.4 காட்டினால் எல்லா அளவிலும் 0.4 கழிக்க வேண்டும். மீன் ஐஸில் உப்பு ஒட்டியிருக்கும், அது பூச்சியத்துக்குக் கீழே இழுத்துவிடும். குடிநீரில் செய்த ஐஸ்தான் இதற்கு ஆகும்.

யார் எடுப்பது? விசைப்படகுக்காரர்களை நம்பினால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் சுவர் வெறுமையாக நிற்கும். பவளம் வெளுப்பதும் அதே நாட்களில்தான். ஆகவே நாட்டுப்படகுக்காரர்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள். பெண்களைச் சேர்ப்பதில் இன்னொரு நியாயமும் உண்டு. கடலுக்குள் இறங்கி நிற்பவர்கள் அவர்கள். தண்ணீர் சுடும் ஆண்டில் வளர்ப்புப் பாசி நூலிலேயே அழுகி விழுவதை முதலில் பார்ப்பவர்களும் அவர்கள்தான். எடுக்க முடியாமல் போன வாரத்துக் கட்டத்தில் ஒரு சாய்கோடு போட்டு விட்டுவிடுங்கள். ‘போன வாரம் மாதிரிதான் இருந்திருக்கும்’ என்று நிரப்பத் தொடங்கினால் சுவரையே சுரண்டிவிடலாம்.

பெயின்ட் விஷயத்துக்கு வருவோம். கடல் மணலில் பூசிய சுவர் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; உப்பு பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரியும். அத்தகைய சுவரை விட்டுவிடுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயவிட வேண்டும், இல்லையேல் சிமென்ட்டின் காரம் நிறத்தைத் தின்னும். பழைய சுவரை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, மூன்று நாள் காயவிட்டு, சிமென்ட் பிரைமர் அடித்து, வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் பூசலாம். இதைவிடப் பெரிய சிக்கல் நிறம் மங்குவது. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் மலிவான நிறமியில் வந்தால் இரண்டு கோடையில் வெளிறிவிடும். அப்போது 2025-இன் கொதித்த வாரம் 2027-இல் பார்ப்பவருக்கு மிதமான வாரமாகத் தெரியும். வெயில் நம் பதிவைத் திருத்தி எழுதிவிடும். சிவப்பு, மஞ்சள், பழுப்புக்கு இரும்பு ஆக்சைடு நிறமிகளையே கேட்டு வாங்குங்கள். வெயில் குறைவாக விழும், வடக்குப் பார்த்த சுவரைப் பிடியுங்கள். ஒன்பது நிறங்களையும் ஒரே கடையில் ஒரே நாளில் கலக்கச் சொல்லி, கலவை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்கு 200 மி.லி. போதும், ஆண்டு முழுவதும் பூசினாலும் மொத்தப் பரப்பு முக்கால் சதுர மீட்டரைத் தாண்டாது. கட்டத்தின் மூலையில் எண்ணையும் ஆணியால் கீறி வைத்தால் நிறம் போனாலும் எண் போகாது.

ஓவியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதில் அவருக்குப் பேச்சில்லை; மற்ற எல்லாவற்றிலும் அவர் வைத்ததே சட்டம். அந்தந்த வாரம் ஊரார் கண்டதைக் கட்டத்தின் அடியில் சின்னக் குறியாக வரையலாம். சொறி (ஜெல்லிமீன்) குவிந்தது, பார் (பவளத்திட்டு) வெளுத்தது, பாசி அழுகியது, சாளை வந்தது. நிறத்தையும் குறியையும் சேர்த்துப் பார்த்து ஊரார் தாங்களே தொடர்பு போடுவார்கள். விளக்கப் பலகை எழுதி அந்தச் சுகத்தைக் கெடுக்க வேண்டாம்.

ஆறு ஆண்டுச் சுவர் பருவநிலை மாற்றத்தை நிரூபிக்காது. அதற்கு 30 ஆண்டாவது வேண்டும் என்பதுதான் துறையில் வழக்கம். எனவே உச்சியில் தனியாக ஒரு வரிசை வையுங்கள்: 1982 முதல் செயற்கைக்கோள் பதிவில் உள்ள கடல் மேற்பரப்பு வெப்பம், ஆண்டுக்கு ஒரு பட்டை. ரீடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் பரப்பிய வெப்பப் பட்டைகளின் முறைதான். இந்த அளவுகளை அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இலவசமாகத் தருகிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் மன்னார் வளைகுடாவுக்குப் பவள வெளுப்பு எச்சரிக்கையும் வெளியிடுகிறது. நம் அளவு செயற்கைக்கோள் அளவிலிருந்து அரை டிகிரி விலகுவது இயல்பு. தொடர்ந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் ஐஸ் டம்ளரை எடுங்கள். வாரா வாரம் வரும் எண்ணைப் பாம்பனின் கடல் ஓசை சமுதாய வானொலியில் வாசித்தால், ஏலக்கூடத்துக்கு வராதவர்களுக்கும் போய்ச்சேரும்.

ஒரு வேண்டுகோள். சுவர் ஓவியத்துக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுத்து, மார்ச்சுக்குள் முடித்துப் புகைப்படம் கேட்பதுதான் வழக்கம். இந்த வேலை அந்த அச்சில் அடங்காது. தொகையில் ஒரு சிறு பகுதியைச் சுவருக்கும், மீதியை அளவெடுப்பவருக்கும் கட்டம் பூசுபவருக்கும் வாரக் கூலியாகவும் பிரித்து, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகக் கொடுக்கலாம். தொடங்குவது தை மாதத்தில் இருக்கட்டும். அப்போது கடல் குளிர்ந்திருக்கும். நீலத்தில் தொடங்கி, வாரம் ஒன்றாக நிறம் ஏறுவதை ஊர் பார்க்கும். சித்திரையில் தொடங்கினால் முதல் கட்டமே செங்காவியாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
கடல்நீர் அளவீட்டிலும் சுவர் ஓவியத்திலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
மண்டபம்