புஷ் மாற்றினால் போல்ட்டின் கடைசி முறுக்கு, கார் தரையில் நிற்கும்போதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் பழைய கார்களின் முன்புற சஸ்பென்ஷன் குறித்து வெளியான கட்டுரையை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய கார்களை வைத்துப் பராமரிக்கும் நாங்கள் பலரும் ஆர்வத்துடன் படித்தோம். கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைத்து, மேலும் கீழும் அசையும் எஃகுக் கை) சட்டத்தில் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ்களைக் கழற்றி மாற்றும் வேலை அதில் தெளிவாகவே விளக்கப்பட்டிருந்தது. ஆனால், புதிய புஷ்களைப் பொருத்தியதும் கார் ஜாக்கியில் இருக்கும்போதே போல்ட்டுகளை முழுமையாக முறுக்கிவிடலாம் என்று எழுதியிருப்பது தவறு. அந்த ஒரு வரியை நம்பிச் செய்பவரின் பணமும் உழைப்பும் வெகு சீக்கிரம் வீணாகிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான பழைய கார்களில் உள்ள புஷ், வெளியே ஓர் எஃகுக் குழாய், உள்ளே ஒரு சிறிய எஃகுக் குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிப் பிடித்திருக்கும் ரப்பர் என்ற அமைப்புடையது. வெளிக்குழாய் ஆர்மின் துளைக்குள் அழுத்திச் செருகப்படுகிறது. உட்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்து வண்டியின் சட்டத்தோடு அசையாமல் நிறுத்துகிறது. ஆகவே சக்கரம் ஏறி இறங்கும்போது அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுகி, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எந்த நிலையில் போல்ட்டை முறுக்குகிறோமோ, அதுவே அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. ஜாக்கியில் நிற்கும் காரில் ஆர்ம் கீழ்நோக்கித் தொங்குகிறது. அப்படியே முறுக்கிவிட்டுக் காரைத் தரையில் இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் பிழிந்த துணியைப் போல முறுகியிருக்கும். சாலையில் சக்கரம் மேலே எழும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் முறுகி, எஃகிலிருந்து பிரிந்து கிழிந்துவிடும்.

கிளேர்வுட் பகுதியில் ஒரு பட்டறையில் ஃபோர்டு கார்ட்டினா ஒன்றிலிருந்து கழற்றிய புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் இன்னும் புதிதாகவே இருந்தது. ஆனால் உட்குழாயைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு விட்டுப்போய், பிறை வடிவில் ஓர் இடைவெளி வழியே வெளிச்சம் தெரிந்தது. வயதாகித் தேய்ந்த புஷ் அப்படி இருக்காது. அதன் ரப்பர் வெடித்து, கருகியதுபோல் இறுகியிருக்கும்.

கார்ட்டினா இந்நாட்டில் போர்ட் எலிசபெத்தில், இன்றைய கெபெர்ஹாவில், தயாரான கார். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் எங்கள் பகுதியில் அது இல்லாத தெரு குறைவு. எஞ்சியிருப்பவை இன்றும் ஓடுகின்றன. 2022 ஏப்ரல் வெள்ளம் குவாசுலு நட்டால் சாலைகளைக் குதறிப்போட்டதை நினைத்தால், இந்தப் புஷ்கள் தாங்கும் சுமை புரியும். தனியார் கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கிடையாது. பெரும்பாலும் கார் கைமாறும்போதுதான் அது நடக்கிறது. அதனால் பிரேக் போட்டால் கடக்கென்று சத்தம், ஒரு பக்கமாக இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது என்று வண்டி சொல்லும்வரை புஷ்ஷை யாரும் பார்ப்பதில்லை.

சரியான முறை கடினமானதும் அல்ல. கழற்றுவதற்கு முன், கார் சமதரையில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். புதிய புஷ்ஷைப் போட்டபின் போல்ட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, எடை முழுவதும் சக்கரத்தின்மேல் இருக்கும்போது டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு இறுக்கத்துக்கு முறுக்கும் கருவி) முறுக்க வேண்டும். அடியில் நுழைய இடம் இல்லையென்றால், ஸ்டாண்டின்மேல் நிற்கும் வண்டியின் கீழ் ஆர்மை ஜாக்கியால் தூக்கி, குறித்துவைத்த உயரம் வந்ததும் முறுக்கலாம். பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பாலியூரிதேன் புஷ்களில் உட்குழாய் தனியாகச் சுழல்வதால் அவற்றுக்கு இந்த நிபந்தனை இல்லை. கட்டுரையாசிரியர் அதை நினைத்து எழுதியிருக்கலாம். பந்தயத்துக்கு ஓட்டுபவர்களுக்கு அது பொருந்தும். குடும்பத்தோடு ஓட்டும் பழைய காருக்கு, அதிர்வை உள்வாங்கும் ரப்பரே நல்லது என்பது என் கருத்து. ஆனால் பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த ரப்பர் புஷ், பெட்டி பிரிக்காததாக இருந்தாலும், இறுகிப்போயிருக்கும். விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தே வாங்க வேண்டும். செருகும்போது சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். மேலே எஞ்சினில் ஆயில் ஒழுக்கு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. காயில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின்மேல் அமர்ந்திருக்கும் கார்களில், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியான கம்ப்ரசரால் அதைக் கட்டாமல் ஆர்மை விடுவித்தால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளைக் கொல்லக்கூடும்.

இவ்விரு திருத்தங்களையும் அடுத்த வாகனப் பகுதியிலேயே, முடிந்தால் ஒரு படத்துடன், வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டவர்கள் புதிய புஷ் வாங்க வேண்டியதில்லை; ரப்பர் இன்னும் கிழியாமல் இருந்தால், கார் தரையில் நிற்கும்போது அதே போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முறுக்கினாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.