டியூப் போகவில்லை, காயிலைத்தான் பிடுங்கிவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிவிப் பெட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, திரையில் நிறத்திட்டு விழுந்தாலே பிக்சர் டியூப் போய்விட்டது என்கிறது. டிவி பழுது பார்த்தே பிழைக்கிறவன் நான். இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரு மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ படர்ந்து, மற்ற இடத்தில் படம் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் அது காந்தத்தின் வேலை. கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் நுண்துளைகள் நிறைந்த மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எலக்ட்ரான் கற்றைகளும் அந்தத் துளைகளில் புகுந்து தத்தம் நிறப் புள்ளியில் விழ வேண்டும். பக்கத்தில் பெரிய ஸ்பீக்கரை வைத்தால் தகட்டில் காந்தம் ஏறி, கற்றை அடுத்த நிறத்தின் புள்ளிக்கு விலகிவிடும். (திரை முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் அது வேறு கோளாறு.)

இதைப் போக்கத்தான் டியூபைச் சுற்றி டீகாஸ் காயில் என்ற கம்பிச்சுருள் கட்டியிருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அதில் பெரிய மாறுமின்னோட்டம் பாய்ந்து, போசிஸ்டர் (சூடானால் மின்சாரத்தைத் தடுக்கும் சிறு பாகம்) சூடேறச் சூடேறத் தணிந்து அடங்கும். அப்படித் தணியும்போதுதான் தகட்டின் காந்தம் கலைகிறது. போசிஸ்டர் ஆறினால்தான் மறுபடி வேலை செய்யும். ஆகவே ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு, பெட்டியின் மெயின் சுவிட்சை அணைத்து, அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது கணக்கில் வராது. இப்படி இரண்டு மூன்று முறை செய்தாலே பல திட்டுகள் மறைந்துவிடும்.

மறையவில்லையா? அங்கேதான் எங்கள் ஆட்களின் கைவரிசை இருக்கிறது. போசிஸ்டர் உள்ளே நொறுங்கி ஷார்ட் ஆனால் பியூஸ் போகும். புதிதாகப் போடச் சோம்பிக்கொண்டு, காயிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். படம் தெரிகிறதே, வாடிக்கையாளருக்கு ஏன் சந்தேகம் வரப்போகிறது? சில மாதம் கழித்து மூலை சிவக்கும்போது, அதே ஆள் கூசாமல் டியூபுக்கு விலை சொல்கிறார். 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குலப் பெட்டிகள் இன்னும் என் மேசைக்கு வருகின்றன. பின்மூடியைத் திறந்தால் அந்தப் பிளக் அந்தரத்தில் தொங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். போசிஸ்டரைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உடைந்த வில்லை கலகலவென்கிறது. மாற்றுவது சின்ன வேலை.

காந்தம் பலமாக ஏறியிருந்தால் கைக்காயில்தான், அதாவது கையில் பிடித்து இயக்கும் டீகாஸ் வளையம்தான் வழி. வளையத்தைத் திரைக்கு முன் சுழற்றியபடியே ஆறேழு அடி பின்வாங்கி, அதன் பிறகுதான் சுவிட்சை விட வேண்டும். கிட்டத்திலேயே விட்டால் திட்டு இன்னும் மோசமாகும். கீழே விழுந்து தகடே நெளிந்த பெட்டிக்கு மட்டும் எந்த வைத்தியமும் பலிக்காது.

வீட்டில் யாரும் பின்மூடியைத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

சக மெக்கானிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள்: காயிலைக் கழற்றினால் அதை ரசீதில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
திண்டுக்கல்